கறிக்குழம்பில் காய் சேர்ந்த கதை

ஓசூர்ப் பக்கம் கறிக்குழம்பு என்றால் அதில் கறி மட்டும் இருக்காது. முள்ளங்கியோ நூல்கோலோ, மார்கழி தை மாதமென்றால் பச்சை அவரைக்கொட்டையோ கூடவே வேகும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்த்த மதுரைக்காரர் ஒருவர் எங்கள் ஊர் விருந்தில் இதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சாம்பாருக்குள்ள ஆட்டைத் தள்ளிவிட்டுட்டீங்களா?" என்றார். பந்தியே சிரித்தது. ஆனால் அது கேட்க வேண்டிய கேள்விதான்.

பதில் எங்கள் கொல்லையில் இருக்கிறது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் மைசூர் மேட்டுநிலத்தின் விளிம்பில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்கள். வானம் பார்த்த செம்மண். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், மற்றபடி கேழ்வரகு. இது நேற்று வந்த பயிர் அல்ல. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் விட்டுப்போன கருகிய கேழ்வரகும் கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

என் தாத்தா கேழ்வரகை மட்டும் தனியாக விதைத்ததில்லை. சில சால் கேழ்வரகுக்கு ஒரு சால் அவரை, வரப்போரம் துவரை, ஆமணக்கு. கன்னடக்காரர்கள் இதை அக்கடி என்பார்கள். கேழ்வரகை அறுத்த பிறகும் அவரை நின்று, பனியைக் குடித்துக் காய்க்கும். பனி இறங்க இறங்கத்தான் காய்க்கு வாசம் ஏறும். களிக்கு மாவும் குழம்புக்குக் கொட்டையும் ஒரே கொல்லையிலிருந்து வந்தன. ஆடு வீட்டில் இருந்தாலும் அது உரத்துக்கு, அவசரத்துக்கு விற்றுக் காசாக்க. நினைத்தபோது அறுக்கிற பொருள் அல்ல.

கறிக்கென்று நாள் உண்டு. மாரியம்மன் திருவிழா ஒன்று. இன்னொன்று யுகாதிக்கு மறுநாள் வரும் ஒசத்தொடக்கு. யுகாதியன்று ஒப்பட்டு என்கிற போளி, மறுநாள் கறி. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கி, விடியற்காலையில் அறுத்து, வாழையிலை மேல் கூறு போடுவார்கள். தராசு கிடையாது. தொடையில் இரண்டு துண்டு, நெஞ்செலும்பில் ஒன்று, ஈரலில் கொஞ்சம், குடலில் கொஞ்சம் என்று எல்லாக் கூறிலும் எல்லாம் விழ வேண்டும். போட்டு முடித்ததும் ஒரு பையனைத் திரும்பி நிற்க வைத்து, ஒவ்வொரு கூறாகத் தொட்டு, "இது யாருக்குடா?" என்று கேட்பார்கள். அவன் பார்க்காமல் பெயர் சொல்வான். பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த கூறு எலும்போடு ஒரு கிலோகூடத் தேறாது. சாப்பிட உட்காருகிறவர்கள் பதினோரு பேர். அங்கேதான் முள்ளங்கி வருகிறது, அவரைக்கொட்டை வருகிறது. ருசிக்காக அல்ல, எல்லார் தட்டிலும் ஏதாவது விழ வேண்டுமே என்பதற்காக. ருசி பிறகு வந்தது.

இந்தச் சமையல் எல்லையைக் கண்டுகொள்ளவில்லை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. மலைக்கு மேலிருந்த ஓசூர்ச் சீமை 1799-ல் திப்பு விழுந்த பிறகுதான் போனது. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. ஆனாலும் கர்நாடகப் பக்கம் போன ஆனேக்கல், அத்திப்பள்ளியோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. நாங்கள் களி என்பதை அத்தை வீட்டில் முத்தே என்பார்கள், தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டில் சங்கட்டி என்பார்கள். தொட்டுக்கொள்கிற குழம்பு ஒன்றுதான்.

காயும் மாறிக்கொண்டே வந்தது. மிளகாய் போர்த்துகீசியரோடு 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். பெங்களூரில் 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்ததும், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகச் சுற்றுவட்டாரத்தில் இங்கிலீஷ் காய்கறிகள் பயிராயின. நூல்கோல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இன்றைக்கு அதைப் போட்டுக் குழம்பு வைக்கும் கிழவிகள் அதைப் பாட்டன் காலத்துக் காய் என்பார்கள்.

ஊர் விருந்துக்கு நான் அண்டா வைப்பது மூன்று கல்லும் புளியங்கட்டையும் கொண்டுதான். முதலில் ஆட்டுக் கொழுப்பை உருக்கி, வெங்காயமும் கறியும் போட்டு, மஞ்சள் உப்போடு தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். தணலில் சுட்ட வெங்காயம், தேங்காய், மல்லி, வரமிளகாய், கசகசா, பட்டை, லவங்கம், கெட்டிப்பட ஒரு பிடி பொட்டுக்கடலை, எல்லாம் அரைத்து ஊற்ற வேண்டும். கறி முக்கால் வேக்காடு வந்தபின் கொட்டை. கொட்டை நசுக்கினால் மசிகிற நிலையில் முள்ளங்கி. பிறகு கட்டையை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விட வேண்டும். மேலே எண்ணெய் மிதந்து ஒதுங்கினால் இறக்கலாம். பீர்க்கங்காய், சுரைக்காய் எல்லாம் இதற்கு ஆகாது, கரைந்துவிடும். கொழுப்பைக் குடித்துக்கொண்டு உருக்குலையாமல் நிற்கிற காய்தான் வேண்டும்.

சிப்காட் 1971-ல் தொடங்கி, ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வந்தன. எங்கள் ஊரிலிருந்து ஷிப்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற சம்பளம் வந்தது. கூடவே குக்கரும் வந்தது. பிரஸ்டீஜ் குக்கர் செய்கிற ஆலை ஒன்றும் ஓசூரில் வந்தது. ஐந்து விசிலில் கறி வெந்துவிடும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஷிப்டு முடிந்து வருகிறவள் மூன்று கல் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடினால் கொட்டை கூழாகிவிடும். அதனால் பல வீடுகளில் காயை விட்டுவிட்டார்கள். கறி தாராளமாகக் கிடைக்கும்போது காய் எதற்கு என்றும் ஆகிவிட்டது. 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி வந்தபின் களியும் குறைந்தது. கொல்லையில் அவரைச் சாலும் காணாமல் போனது.

2023 மே மாதம் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் களி தனியாக இறங்காது, அதற்குக் குழம்பு வேண்டும். இந்த வருடம் கேழ்வரகு விதைக்கிறவர்கள் நடுவில் நாலு சாலாவது அவரை விட்டு வையுங்கள். ஒசத்தொடக்குக்கு ஆடு எப்படியும் வந்துவிடும்.