குடிமராமத்து: பொருநைக் கரையின் நீர்க்காவல் வரலாறு

ஆழ்வார்திருநகரிக்கு அருகே சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்து எடுத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 எனக் கரிமப் பகுப்பாய்வு காட்டியது. 2021இல் தமிழக அரசு அறிவித்த இந்த முடிவின்படி, பொருநைக் கரையில் நெல்லின் வரலாறு 3,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. இவ்வளவு காலம் ஒரே மண்ணில் நெல் விளைய, அந்த மண்ணையும் நீரையும் யாரோ விடாமல் பேணியிருக்க வேண்டும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநையாகிய தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. முதல் ஏழும் ஆங்கிலேயருக்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வேலை 1869இல் தொடங்கியது. அதன் தென்கால் கடம்பாகுளத்தை நிரப்புகிறது. கார், பிசானம் என்ற இரண்டு போகமும் இந்தக் கால்களையும் குளங்களையும் நம்பியே நடக்கின்றன.

பாண்டிய நாட்டுக் குளங்களின் குமிழி மடையைப் பார்த்தாலே பழைய நீர்மேலாண்மையின் நுட்பம் விளங்கும். குளத்துக்குள் இரண்டு கல்தூண்கள், நடுவில் ஒரு கல்மூடி. மடையைத் திறந்து மூடும் பொறுப்பாளரான மடைக்குடும்பன் மூழ்கிப்போய் மூடியைத் தூக்குவார். நீரோடித் துளை வழியே தண்ணீரும், அடியிலுள்ள சேறோடித் துளைகள் வழியே வண்டலும் வெளியேறி வயலுக்குப் போகும். குளம் தூர்வது குறையும். வயலுக்கு உரமும் சேரும். கோடையில் ஊரார் கூடி வாய்க்கால் வெட்டுவதும் கரைக்கு மண் போடுவதும் குடிமராமத்து.

அதைச் சமத்துவத்தின் பொற்காலமாகக் காட்டுவது வரலாறு ஆகாது. நிலமும் அதிகாரமும் கோயில்களிடமும் பிராமணர், வேளாளர் கையிலும் இருந்தன. சேற்றில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பள்ளர்கள். ராமநாதபுரம், சிவகங்கைக் குளங்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், 2003இல் வெளியான தம் நூலில் குளப் பராமரிப்பும் சாதி அதிகாரமும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டினார்.

1858இல் வந்த சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் ஊர் வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியது. பொதுப்பணித் துறை வளர வளர, மடையின் முடிவுகள் ஊரைவிட்டு அலுவலகத்துக்குப் போயின. உரிமை போன பிறகு கடமை மட்டும் நிலைக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்குப் பத்தாண்டு முன்னர், 1848இல், ஹவாய்த் தீவுகளிலும் இதுபோன்ற முறிவு நேர்ந்தது. மலையுச்சி முதல் கடல் வரை ஒரே அலகாகப் பேணப்பட்ட ‘அஹுபுவாஆ’ நிலங்கள் ‘மஹேலே’ என்ற நிலப்பங்கீட்டால் தனிச்சொத்தாகத் துண்டுபட்டன. ஆனால் அங்கே ஹேஎயா ஊரார் 2001இல் அமைப்பாகத் திரண்டனர். பல நூற்றாண்டுப் பழமையான தங்கள் மீன்குளத்தில் 1965 வெள்ளம் உடைத்த மதிலை, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களோடு கல் சுமந்து 2015இல் அடைத்தார்கள்.

தமிழகத்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் பாசன விவசாயிகள் சங்கங்களுக்கு வழிவகுத்தது. 2017இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அரசு நிதி ஒதுக்கும் ஆண்டில் மட்டும் நடக்கும் வேலை பராமரிப்பு ஆகாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, வட்டாரத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்தன.

கடம்பாகுளம் போன்ற குளங்களுக்கு ஆண்டுதோறும் கோடையில் மராமத்து நடக்க வேண்டும். அதைத் தீர்மானிக்கும் சங்கத்தில் பட்டாதாரரோடு குத்தகை விவசாயிக்கும், விவசாயக் கூலிக்கும், மடைக்குடும்பனுக்கும் வாக்குரிமை வேண்டும். பழைய முறையில் விடுபட்டுப்போன அந்த நியாயத்தைச் சேர்த்தே குடிமராமத்தை மீட்க வேண்டும்.