ஆழ்மூளைத் தூண்டல்: மனத்தில் நேரும் விளைவுகள்

பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்க, மூளையின் ஆழத்தில் மின்முனைகளைப் பதித்து, மார்புத் தோலுக்கடியில் உள்ள கருவியிலிருந்து மின்துடிப்பு செலுத்தும் அறுவை சிகிச்சை இது. கை நடுக்கம் நின்றபின் பேச்சிலும் மனநிலையிலும் தென்படும் மாற்றங்களை மருத்துவம் கவனிக்கச் சற்றுக் காலம் பிடித்தது.

இதன் தமிழக முன்கதை வேலூரில் தொடங்குகிறது. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை நிறுவினார். விழித்திருக்கும் நோயாளியின் மூளையை மின்சாரத்தால் தொட்டு, பழைய நினைவுகள் கிளர்வதைப் பதிவு செய்தவர் பென்ஃபீல்டு. சென்னையில் பி. இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் ஆகியோர் 1960களில், மூளையின் ஆழத்து இலக்கைத் துல்லியமாக அளந்து எட்டும் ஸ்டீரியோடாக்சிக் முறையில் நடுக்கத்துக்கு அறுவை செய்தனர். கட்டுக்கடங்காத ஆவேசத்துக்கும் அதே முறையில், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் அறுவை நடந்தது. இன்றைய அறநெறிக் குழுக்கள் எளிதில் ஒப்பாத வேலை. உடலசைவுக்கான கருவியே மனத்தையும் எட்டும் என்பது அப்போதே வெளிப்படை.

அந்த அறுவைகளைப் போல மூளைத் திசுவை அழிக்காமல், நடுக்கத்தை மின்சாரத்தால் அடக்கும் வழியை 1987இல் பிரான்சின் கிரனோபிளில் நரம்பியல் அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு காட்டியது. 1993 முதல் சப்தலாமிக் உட்கரு இலக்கானது. பட்டாணியைவிடப் பெரிதல்லாத அந்த உட்கருவில் அசைவு, சிந்தனை, உணர்ச்சி மூன்றின் பாதைகளும் நெருக்கியடித்து ஓடுகின்றன. 1999இல் பாரிஸ் மருத்துவர்கள் ஒரு சம்பவத்தை வெளியிட்டனர். மின்முனையின் ஒரு புள்ளியைத் தூண்டியதும் 65 வயதுப் பெண் அழத் தொடங்கி, வாழப் பிடிக்கவில்லை என்றார். நிறுத்திய ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தத் துயரம் அகன்றது. இதே குழுவினர் 2006இல் 29 பேரை ஆராய்ந்தபோது, உடல் தேறியும் மணவாழ்வில் பூசலும் வேலையில் நாட்டமின்மையும் பலரிடம் கண்டனர். அறுவைக்குப் பின் பார்க்கின்சன் மாத்திரையைச் சட்டென்று குறைப்பதும் இத்தகைய சோர்வுக்கு ஒரு காரணம்.

தற்கொலை பற்றிய பெரிய கணக்கு 2008இல் வந்தது: அறுவைக்குள்ளான 5,311 பேரில் 24 பேர் உயிரை மாய்த்துக்கொண்டனர். இந்த எண்ணை வேலூர்ப் பக்கம் தனித்துப் படிக்க முடியாது. அங்குள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவர்கள் 1994 முதல் 1999 வரை வீடு வீடாக மரணக் காரணம் விசாரித்தபோது, பொதுமக்களிடையிலேயே ஆண்டுக்கு லட்சத்துக்குச் சுமார் 95 தற்கொலைகள் தெரியவந்தன. அறுவைக்கு முன்பே மனநல மருத்துவர் பார்ப்பது இங்கே வெறும் சம்பிரதாயமாக இருக்கக் கூடாது.

அறிவாற்றலில் திரும்பத் திரும்ப உறுதியான இழப்பு ஒன்றுதான்: ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர் சொல்ல முடியும் என்ற சோதனையில் எண்ணிக்கை குறைகிறது. அழுகையும் அடங்காத உற்சாகமும் மின்னளவை மாற்றினால் பெரும்பாலும் தணியும். சொற்கள் அப்படியில்லை, மின்முனை உள்ளே நுழைந்த தடமே அதற்கு ஓரளவு காரணம் என்பதால், கருவியை அணைத்தாலும் அவை முழுதாகத் திரும்புவதில்லை.