கடல் கடந்த போரும் வடசென்னை இல்லங்களும்

1. தோற்றுவாய்

போரையும் மனையையும் ஒருங்கு வைத்து நோக்குதல் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, 103 அடிகளுக்குள், தலைவியின் இல்லத்தையும் தலைவனது பாசறையையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. நெடுநல்வாடையோ, தனித்திருக்கும் அரசியையும் புண்பட்ட வீரரைக் கண்டு வரும் அரசனையும் ஒரே கூதிர் இரவில் காட்டுகின்றது. அவ்விரு பாட்டுக்களிலும் போர் மனையினின்று பிரித்துச் சென்றது தலைவனை. ஆனால், 1914ஆம் ஆண்டு தொடங்கிய உலகப்போர் வடசென்னையின் பெரும்பாலான இல்லங்களிலிருந்து ஆடவரைக் கொண்டு செல்லவில்லை. விளக்கிற்கு வேண்டிய மண்ணெண்ணெயையும், உலையிலிடும் அரிசியையும், உடுக்கும் துணியையும் அஃது அரியனவாக்கிற்று. எனவே, அப்போர்க்கால அரசியலை இப்பகுதியில் உருவாக்கியது குண்டொலியன்று, அரிசிப்படியே என்பது யாம் இக்கட்டுரையில் நிறுவ விழையும் கருத்தாகும்.

2. நிலமும் தொழிலும்

ராயபுரம் பழைய மீனவர் குடியிருப்புக்களை உடையது. 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இங்கிருந்தே மேற்கு நோக்கிச் சென்றது. அதன் தெற்கே துறைமுகம். வடக்கே தியாகேசர் கோயில் கொண்ட திருவொற்றியூர். அதற்கும் அப்பால் உப்பளங்கள் சூழ்ந்த எண்ணூர். மேற்கே பெரம்பூரில் பக்கிங்காம், கருநாடிக் என்னும் இரு பெரிய ஆலைகள் நின்றன. துறைமுகக் கூலிகளும் இருப்புப்பாதைத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த நிலம் இது.

இம்மக்களுள் பெரும்பாலோர் உழுது உண்பவரல்லர். கூலி பெற்று, அரிசியைப் படிக்கணக்கில் வாங்கி உண்பவர். கூலி ஏறாமல் விலை மட்டும் ஏறினால், அதன் விளைவு அன்றைய மாலை உலையிலேயே தெரியும். மேலும், இவ்வில்லங்களில் எரிந்த மண்ணெண்ணெயும் சமைத்த அரிசியும் பர்மாவிலிருந்து பெரிதும் வந்தன. ஆதலின் வங்கக் கடலில் கப்பல் தடைப்படின் வடசென்னையில் அடுப்பும் விளக்கும் ஒருங்கே தடைப்படும். இவ்வுறவை உளங்கொண்டாலன்றிப் பின்வரும் நிகழ்ச்சிகளின் பொருள் புலனாகாது.

3. எம்டன் வந்த இரவு

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, செருமானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைக் கடற்கரையை அணுகிற்று. அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் துறைமுகத்தை நோக்கி எறியப்பட்டன. பர்மா எண்ணெய்க் குழுமத்தாரின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் தாக்குண்டது, சிலர் உயிரிழந்தனர். நகரமக்களுள் பலர் அஞ்சி உள்நாட்டூர்களுக்கு ஓடினர். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோசுத் தீவுகளின் அருகே ஆத்திரேலியக் கப்பலாகிய சிட்னி எம்டனை அழித்தது.

வரலாற்று நூல்கள் இதனை ஒரே இரவின் வியப்பாகக் கூறிச் செல்கின்றன. எரிந்தது யாது என்பதை அவை ஊன்றி நோக்குவதில்லை. எரிந்தது படைக்கலக் கொட்டிலன்று, எண்ணெய்த்தொட்டி. பகைவன் குறிவைத்தது பேரரசின் வாணிகத்தை; வெந்ததோ எளியோர் வீட்டு விளக்கின் எண்ணெய்.

அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்னும் கூற்று இன்றும் வழங்குகின்றது. அதற்குத் தக்க சான்று இல்லை. அந்நாளில் அவர் ஐரோப்பாவில் இருந்தவர். அக்கூற்றினும் வன்மையான சான்று மக்கள் பேச்சிலேயே உள்ளது. எவரும் எதிர்பாராவண்ணம் காரியத்தை முடித்து மறைபவனை 'எம்டன்' என்பது சென்னைத் தமிழில் வேரூன்றிய வழக்கு. எமன், எமகாதகன் என்னும் சொற்களோடு அப்பெயர் ஒலியால் இயைந்தமையே அஃது எளிதில் நிலைபெறக் காரணம் என்று யாம் கருதுகின்றோம். இதில் அச்சம் மட்டும் இல்லை, வியப்பும் உண்டு. ஆங்கிலேயரின் கடலாட்சியை ஒருவன் நள்ளிருளில் எள்ளி நகையாடினான் என்னும் உவகையும் அச்சொல்லில் கரந்துறைகின்றது. வெளிப்படையாகக் கூறவியலாத அரசியலைச் சொல் சுமந்துநின்றது.

4. அரிசியும் துணியும்

எம்டன் அச்சம் விரைவில் தணிந்தது, விலையச்சம் தணியவில்லை. போர் நீள நீளக் கப்பல்களும் இருப்புப்பாதை வண்டிகளும் படையின் தேவைக்குச் சென்றன. இங்கிலாந்திலிருந்து வந்த துணி குறைந்தது. 1918ஆம் ஆண்டு பருவமழையும் பொய்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை நகரில் அரிசிக் கடைகளும் துணிக் கடைகளும் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் பிற பகுதிகளிலும் இத்தகைய சூறைகள் நிகழ்ந்தன. இவற்றைக் கயவர் செயல் என ஒதுக்குதல் எளிது. ஆயின், கூட்டத்தினர் நாடியவை உணவும் உடையுமே என்பதை நோக்குங்கால், அது குடும்பத்தின் குறை தெருவில் வெடித்த நிகழ்ச்சி என்பது தெளிவாகும்.

துணியைப் பொறுத்தவரை இதில் ஒரு முரண் உண்டு. பெரம்பூர் ஆலைகளில் நெய்த காக்கித் துணி படைவீரர்க்குச் சென்றது. அதனை நெய்தவனுக்குத் தன் மனைவிக்கு ஒரு புடைவை வாங்குதல் அரிதாயிற்று. தொலைவிடத்துப் போருக்கும் அண்மையிலுள்ள மனைக்கும் இடையே அமைந்த தொடர்பை இதனினும் தெளிவாக உணர்த்தும் செய்தி வேறில்லை.

5. சங்கமும் மேடைத்தமிழும்

அக்காலத்துச் சென்னை அரசியலில் இரு பேரியக்கங்கள் எதிர்நின்றன. அன்னிபெசன்ட் அம்மையார் 1916இல் தன்னாட்சி இயக்கம் கண்டார். அதே ஆண்டில் நீதிக்கட்சி தோன்றிற்று. போருக்குப்பின் வரவிருந்த சீர்திருத்தங்களில் எவர்க்கு எத்துணை இடம் என்பதே அவற்றின் பெரும்பூசல். அப்பூசல் பொருளற்றதன்று. எனினும், அரிசிப்படியின் வினாவிற்கு அதில் நேரான விடை இல்லை.

அவ்விடையைத் தேடி எழுந்ததே சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு என்னும் சிறு வணிகர் இருவர் முயல, 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அது நிறுவப்பெற்றது. தலைவர் பி. பி. வாடியா, 1917இல் அன்னிபெசன்ட் அம்மையாருடன் காவலில் வைக்கப்பட்டவர். நண்பகல் உணவு இடைவேளையை நீட்டித்தல் சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. இங்கும் வினா உணவைப் பற்றியதே.

வாடியா பார்சி வகுப்பினர், ஆங்கிலத்தில் பேசியவர். அவர்தம் கருத்தைத் தொழிலாளர் உள்ளத்திற் பதித்தற்குத் தமிழ் வேண்டியிருந்தது. அப்பணியில் முன்னின்றவர் திரு. வி. கலியாணசுந்தரனார். தமிழாசிரியராயிருந்து, 1917 இறுதியில் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானவர் அவர். அவருடைய நடையைச் சமயத்தோடும் இதழியலோடும் மட்டும் இயைத்து ஆராய்தல் போதாது. பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவன் நின்று கேட்கும் மேடையில் அந்நடை உரம்பெற்றது என்பதையும் கருதல் வேண்டும்.

6. இரண்டாம் போரும் முடிபும்

இரண்டாம் உலகப்போரில் இக்கருத்து மேலும் வலியுறும். 1942 மார்ச்சு மாதம் இரங்கூன் வீழ்ந்தது; பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் குண்டு விழுமுன்னரே சென்னை மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். 1943 அக்டோபரில் சப்பானிய விமானமொன்று துறைமுகப் பக்கத்தில் குண்டு வீசிற்று. அந்நிகழ்ச்சியை இன்று நினைப்பவர் சிலரே. ஆனால் அவ்வாண்டு நகரில் நடைமுறைக்கு வந்த உணவுப் பங்கீடு போரோடு மறையவில்லை. 1952இல் இராசாசி அமைச்சரவை அக்கட்டுப்பாட்டை நீக்கியதும், 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் முழக்கம் எழுந்ததும் யாவரும் அறிந்தவை. பொதுத் தேர்தலின் மொழியாகவே படி என்னும் முகத்தலளவை உயர்ந்தமைக்கு இவ்விரு போர்க்காலங்களின் பசியும் ஒரு காரணம் என்பது எம் துணிபு.

இதனால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, வடசென்னையின் அரசியல் வரலாற்றைக் கட்சித் தீர்மானங்களில் மட்டும் தேடுதல் குறையுடைத்து. கடைத்தெருவின் விலையிலும் அடுக்களையின் அளவையிலும் அதனைத் தேடல் வேண்டும். மற்றொன்று, எம்டன், பங்கீடு, படி போன்ற சொற்கள் அவ்வரலாற்றின் ஆவணங்கள். 1914இன் இரவைக் கண்டவர் எவரும் இன்றில்லை. இரண்டாம் போரை இளமையில் கண்ட முதியோரும் அருகி வருகின்றனர். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அவர்தம் பேச்சை, குறிப்பாக அடுப்பைக் காத்த மகளிர் பேச்சைத் திரட்டுதல், முதுகலை மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.