பங்களாவும் லயமும்

இந்நாளில் செல்வர் தம் மனைகளை அழகு செய்யத் துரைமார் காலத்துப் பங்களாப் பாணியை நாடுகின்றனர்: தேக்கு மரச் சாமான், உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம். அகத்தியர் மலையடிவாரத்துப் போனக்காட்டில் அப்பாணியின் மறுபாதியும் புலப்படும். அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் துரைக்குப் பங்களா. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள்.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு வீடளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. எனினும் பின்னாளில் தேயிலை ஆலை மூடப்பட்டது; ஊதியம் நின்றது; லயங்கள் பழுதுற்றன. பங்களாவோ பாழடைந்து பேய்க்கதைக்கு இடமாயிற்று. அதைக் காண வருவோர் பலர். லயத்தினுள் நோக்குவோர் சிலரே.

பங்களாவின் அழகைப் பழிக்க நாம் முற்படவில்லை. அவ்வழகுக்குப் பொருளீட்டித் தந்த கைகளுக்கு ஒழுகாத கூரை வேண்டுமென்பதே நமது விண்ணப்பம்.