விசிறி வாழை

விசிறி வாழை என்பது மடகாசுக்கர்த் தீவைத் தாயகமாகக் கொண்ட, மிகப் பெரிய இலைகளையுடைய ஓர் அழகுத் தாவரம் ஆகும். இதன் தாவரவியல் பெயர் ராவெனலா மடகாஸ்கரியென்சிஸ். வாழையை ஒத்த இலைகளும் பனையை ஒத்த தண்டும் கொண்டிருப்பினும், இது அவ்விரு குடும்பங்களையும் சேர்ந்ததன்று. ஸ்ட்ரெலிட்சியேசியே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் ஓர் இனமே உண்டு என நெடுங்காலம் கருதப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் மேலும் ஐந்து இனங்கள் விவரிக்கப்பட்டன.

பெயர்க்காரணம்

இலைகள் இரு வரிசைகளாக ஒரே தளத்தில் அமைந்து விரித்த விசிறி போலத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. ஆங்கிலத்தில் இது 'பயணிகளின் பனை' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகிறது. இலைக்காம்பின் அடியில் தேங்கும் மழைநீர் வழிப்போக்கரின் தாகம் தீர்க்கும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். எனினும் தூசியும் பூச்சிகளும் கலந்த அந்நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று. விசிறி எப்போதும் கிழக்கு மேற்காக நின்று திசை காட்டும் என்னும் நம்பிக்கையும் சரியன்று. நடும்போது வைக்கும் திசையிலேயே அது விரிகிறது.

இனப்பெருக்கம்

மடகாசுக்கரில் இதன் மலர்களில் தேன் அருந்த வரும் லெமூர்கள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன. விதைகளைப் பளிச்சிடும் நீல நிற மென்படலம் மூடியிருக்கும். விதைகள் முளைக்க நாளாகும் என்பதால், தோட்டங்களில் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுவதே எளிது.

வறண்ட பகுதிகளில் வளர்ப்பு

மழைக்காட்டுத் தீவிலிருந்து வந்த இத்தாவரத்தைச் சிவகங்கை மாவட்டத்தின் கானாடுகாத்தான் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் வளர்ப்பதற்குத் தனிக் கவனம் தேவை. செம்புராங்கல் மண்ணும் கடுங்கோடையும் உடைய இப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையான நீராதாரம். முற்றத்தில் விழும் மழைநீரையும் சேமிக்கும் வகையில் வீடு கட்டிய ஊர்களில், நீர் மிகுதியாக வேண்டும் செடியை எண்ணிக்கையில் குறைவாக நடுவதே பொருத்தமானது.

* நடும் காலம்: ஆவணி, புரட்டாசி மாதங்களில் நட்டால் மழைக்காலத்தில் வேர் பிடித்துக்கொள்ளும்.
* குழி: இறுகிய செம்மண்ணை அகலமாகத் தோண்டி, மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புதல் வேண்டும். நீர் தேங்கக்கூடாது.
* இடம்: இளங்கன்றுக்கு அரைநிழலும் வளர்ந்த செடிக்கு முழு வெயிலும் ஏற்றவை. வேரடியில் ஊற்றும் நீர் பழைய சுண்ணாம்புச் சுவர்களில் ஈரமாக ஏறக்கூடும் என்பதால், சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி நடுவது நல்லது. விசிறியின் தளம் சுவருக்கு இணையாக இருந்தால் இடம் மிச்சமாகும்.
* நீர்: கோடையில் அடிமண் காயாதவாறு ஊற்றி, சருகுகளால் மூடாக்கு இடுதல் வேண்டும்.
* காற்று: ஆடிக்காற்றில் இலைகள் நார் நாராகக் கிழியும். இதனால் செடி இறப்பதில்லை. அழகு மட்டும் குன்றும். மரங்களின் மறைவில் நடுவது இதனைக் குறைக்கும்.
* கழித்தல்: பக்கக்கன்றுகளை அகற்றாவிடில் விசிறி வடிவம் மறைந்து புதராகிவிடும். காய்ந்த மட்டைகளை அவ்வப்போது அறுத்தல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இதனைத் தாக்கக்கூடியவை. இலைக்காம்பின் அடியில் தேங்கும் நீரில் கொசுக்கள் முட்டையிடும். எனவே குடியிருப்புகளின் அருகே வளர்ப்போர் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குழாய் நீரைப் பீய்ச்சி அப்பகுதியை அலசிவிடுதல் வேண்டும்.