ஜான் ஃபௌல்ட்ஸ்: நாம் கேட்க மறந்த இசை

ஆலந்தலைக் கோயிலில் ஞானப்பாட்டுகளுக்கு ஆர்மோனியமே துணை என்று பழகியவர்கள் நாம். அந்தப் பெட்டியின் எதிரியாக மட்டுமே இந்தியாவில் நினைவுகூரப்படும் ஓர் ஆங்கிலேயரைப் பற்றி இங்கே பேச விழைகிறோம். 1938இல் ஆர்மோனியத்தைச் சாடி ஜான் ஃபௌல்ட்ஸ் எழுதிய கட்டுரை, 1940இல் அகில இந்திய வானொலி விதித்த தடைக்கு வலுச்சேர்த்தது. அவர் பெரும் இசையமைப்பாளர் என்பதோ மறக்கப்பட்டது.

1880இல் மான்செஸ்டரில் பிறந்தவர். ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர். போரில் மாண்டோருக்காக அவர் இயற்றிய ‘வேர்ல்டு ரெக்வியம்’ 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் லண்டனில் ஒலித்தது. அதன்பின் 2007 வரை முழுமையாக ஒலிக்கவில்லை.

இந்தியாவில் நம் இசையைப் பயின்ற வயலின் கலைஞர் மோட் மக்கார்த்தி அவருடைய துணைவியார். அந்த உறவின் விளைவைப் படைப்புகளில் காணலாம். பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான ‘டைனமிக் டிரிப்டிக்’கின் முதற்பகுதி, ஏழு சுரங்கள் கொண்ட ஒரே அடுக்கை விட்டு விலகுவதில்லை. மேளகர்த்தா அறிந்த செவிக்கு அந்தக் கட்டுப்பாடு அந்நியமானதன்று.

1935இல் இந்தியா வந்தார். தில்லி வானொலியில் நம் வாத்தியக்காரர்களுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கக் கற்பித்து ஒரு குழுவை உருவாக்கினார். 1939இல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். இரு மரபு வாத்தியங்களுக்குமாக எழுதிய ‘கிழக்கு மேற்கு சிம்பொனி’ தொலைந்தே போயிற்று.

ஆர்மோனியத்தின் மீதான தடை 1971இல் தளர்ந்தது. ஃபௌல்ட்ஸ் மீதான நம் மௌனமோ தளரவில்லை. எஞ்சியவற்றுள் ‘மூன்று மந்திரங்க’ளையேனும் சகாரி ஒராமோ நடத்திய ஒலிப்பதிவில் கேட்போம், நம்மிடம் கற்றவருக்கு நாம் பட்ட கடன் அது.