கணக்குக் கேட்ட பெண்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு வாசல்கள் வழியாக உள்ளே போகிறார்கள். ஒன்று நீதிமன்றம். 1975இல் ராஜ் நாராயண் வழக்கில், அரசுப் பணியாளர்கள் பொதுவில் செய்யும் எதையும் அறிந்துகொள்ளும் உரிமை இந்நாட்டு மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்றொன்று பத்திரிகை. பேச்சுரிமை, எழுத்துரிமை ஆகியவற்றின் நீட்சிதான் தகவல் உரிமை என்றும், வெள்ளையர் விட்டுப்போன 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது என்றும் செய்தியாளர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இரு வாசல்களிலும் நின்று பார்த்தால் பெண்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானின் சாலையோரத்தில், மண் வெட்டிய குழிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

1980களின் தொடக்கம். அஜ்மீர் மாவட்டத்தில் ஹர்மாரா என்ற ஊருக்குச் சாலை போடுகிறார்கள். பஞ்ச நிவாரண வேலை. சுற்றுவட்டாரப் பெண்கள் நிறையப் பேர் மண் சுமந்தார்கள். அவர்களில் தலித் பெண்கள் கணிசமானவர்கள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய். ஆனால் யாருக்கும் நாள் கணக்கில் கூலி இல்லை. ஆட்களைக் குழுவாகப் பிரித்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தக் குழு செய்த வேலையை அளந்து, அளவுக்குத் தகுந்தபடி கூலி. அளப்பவர் அரசு ஆள். அளவை எழுதிக்கொள்வது அவருடைய புத்தகத்தில். கூலி கையில் விழும்போது 7 ரூபாய்க்குக் கீழே இருக்கும். ஏன் என்று கேட்டால், நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான் என்பது பதில்.

இது உச்ச நீதிமன்றம் வரை போனது. பஞ்ச நிவாரண வேலைக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுத்து ராஜஸ்தான் அரசு 1964இல் ஒரு சட்டமே வைத்திருந்தது. பசித்தவர்களுக்கு வேலை கொடுப்பதே தருமம், இதில் கூலிச் சட்டம் எதற்கு என்ற நினைப்பு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1983இல் தீர்ப்பு வந்தது. வழக்குக்கு சஞ்சித் ராய் வழக்கு என்று பெயர். மனு போட்டவர் அவர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் ஹர்மாராவில் கூலிக்காகப் பெண்களைத் திரட்டிய நௌர்த்தி என்ற தலித் பெண்ணின் பெயர் சட்டப் புத்தகங்களில் வருவதில்லை. பள்ளிக்கூடம் போகாதவர், பிறகு எழுத்துக் கற்று, கணினி கற்று, 2010இல் அதே ஹர்மாராவின் ஊராட்சித் தலைவியானார்.

தீர்ப்பு வந்துவிட்டது. கூலி வந்துவிட்டதா? இங்கேதான் விஷயம் கூலியிலிருந்து காகிதத்துக்குத் திரும்புகிறது. 1987இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங், அவருடைய மனைவி அன்ஷி ஆகியோர் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண்வீட்டில் குடியேறினார்கள். அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1975இல் இந்திய ஆட்சிப் பணியை உதறிவிட்டு ராஜஸ்தான் போனவர். 1990 மே முதல் நாள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் உருவானது. உழவர்களும் கூலிகளும் சேர்ந்த சங்கம். குறைந்தபட்சக் கூலிக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள், மறியல் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் ஒரே சுவரைக் காட்டினார்கள்: நீங்கள் வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், காட்ட முடியாது.

தமிழ்த்துறைக்காரி என்பதால் இந்த இடத்தில் கண்ணகியைக் கூட்டிவருவேன் என்று நினைப்பீர்கள். அவளைக் கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. கண்ணகியின் ஆதாரம் அவள் கையில் இருந்தது. உடைத்துக் காட்ட முடிந்தது. இந்தப் பெண்களின் ஆதாரம் எதிராளியின் பீரோவுக்குள் இருந்தது. அவர்களுடைய கைநாட்டே அதற்குள்தான் இருந்தது. எதற்குக் கீழே விரலை வைத்தோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. நீதி கேட்பதற்கு முன்னால் பீரோச் சாவியைக் கேட்க வேண்டியிருந்தது.

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் சங்கடன் முதல் ஜன் சுன்வாயை நடத்தியது. சுன்வாய் என்றால் கேட்டல், விசாரணை. எப்படியோ கைக்குக் கிடைத்த வேலைப் பதிவேடுகளை ஊர்நடுவில் உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார். பெயர் படிக்கப் படிக்கக் கூட்டத்திலிருந்து குரல்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள், ஊரிலேயே இல்லாதவர்களின் பெயர்கள், செத்தவர்களின் பெயர்கள். கட்டி முடித்ததாகக் கையெழுத்தான கட்டடம் கூரையில்லாமல் நின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஏமாற்ற எழுதிய காகிதம், வாய்விட்டுப் படித்ததும் எழுதியவர்களையே காட்டிக்கொடுத்தது. காதால் கேட்டு, ஊர் நினைவோடு ஒத்துப் பார்ப்பது எழுத்தறிவு கேட்காத வேலை. எந்த வீட்டில் யார் எப்போது செத்தார்கள், யார் பிழைக்கப் போனார்கள் என்ற கணக்கைப் பெண்கள்தானே மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

பத்திரிகையின் பங்கை இங்கே சொல்லியாக வேண்டும். 1995 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். தைனிக் நவஜ்யோதி நாளிதழ் அதை வெளியிட்டது. சங்கடன்காரர்கள் அந்தச் செய்தித்தாள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். உத்தரவு வரவில்லை என்றார்கள். 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தின் சாங் கேட்டில் தர்ணா தொடங்கியது. 40 நாள் நீடித்தது. கிராமங்களிலிருந்து கோதுமை வந்தது. சந்தைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். ஜன்சத்தா ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி நேரில் வந்து பார்த்து எழுதினார். அதுவரை தகவல் உரிமை என்பது தங்கள் தொழிலுக்கான உரிமை என்று நினைத்திருந்த செய்தியாளர்கள், கூலி வாங்கப் பதிவேடு கேட்ட பெண்களிடமிருந்து அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கற்றார்கள் என்றே நான் படிக்கிறேன். அந்த ஆண்டே இந்தியப் பத்திரிகை மன்றம் நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையில் ஒரு மாதிரி மசோதா தயாரித்தது.

அடுத்த ஆண்டு ஜெய்ப்பூரில் 50 நாளுக்கும் மேலாக இன்னொரு தர்ணா. அதன் முடிவில், கேட்ட உத்தரவை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியிட்டுவிட்டோம் என்று துணை முதலமைச்சர் அறிவித்தார். தகவல் கொடுக்கும்படி போட்ட உத்தரவையே ரகசியமாக வைத்திருந்தார்கள்! இதை ஒரு சிறுகதையில் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

டெல்லியில் நடந்த ஒரு செய்தியாளர் கூட்டத்தில், அதிகம் படிக்காத உங்களுக்குத் தகவல் உரிமை எதற்கு என்ற மாதிரி ஒரு கேள்வி எழுந்தது. சங்கடனைச் சேர்ந்த சுஷீலா பதில் சொன்னார். மகனிடம் 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன்; என் பெயரைச் சொல்லி அரசாங்கம் கோடிகோடியாகச் செலவழிக்கிறதே, அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாதா என்பது அவர் பதிலின் சாரம். இது பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. எளிமையான கிராமத்துப் பெண்ணின் சமயோசிதம் என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு, விலக்கான நாள் கணக்கு என்று கணக்கிலேயே வாழ்கிறவள் பெண். பெரும்பாலும் கணக்குச் சொல்பவளாக. கொடுத்த காசு எங்கே போச்சு, இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்கப்படுகிறவளாக. சுஷீலா அந்தக் கேள்வியின் திசையைத் திருப்பினார். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற சங்கடனின் முழக்கத்தில், பெண்ணின் வாயில் வரும்போது, 'எங்கள்' என்ற சொல்லுக்குக் கூடுதல் கனம் இருக்கிறது.

சட்டம் வந்த கதையைச் சுருக்கிவிடலாம். 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு; கொடுப்பதைவிட மறுப்பதற்கு அதில் வழி அதிகம். 2002இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், சுஷீலாவின் மகன் கையில் இருந்த அதே 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள் கெடு. மாணவிகளிடம் நான் படிக்கச் சொல்வது 6(2) பிரிவை. தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அது. எங்கே போகிறாய், யாரோடு, எதற்கு என்று காரணம் சொல்லியே வளர்ந்தவளிடம், நீ எதற்கு என்று சொல்ல வேண்டாம், கேள் என்கிறது இந்த நாட்டின் ஒரு சட்டம்.

பெண்கள் கேட்டார்கள். ரேஷன் இருப்பு, விதவை உதவித்தொகை, நூறு நாள் வேலைப் பதிவேடு. கணவனின் சம்பளத்தையும் கேட்டார்கள். ஜீவனாம்ச வழக்கில் வருமானத்தைக் குறைத்துச் சொல்லும் அரசு ஊழியக் கணவர்களை நமக்குத் தெரியாதா என்ன? அது அவருடைய அந்தரங்கம் என்று அலுவலகங்கள் மறுத்தன. மனைவிக்கு அதை அறிய உரிமை உண்டு என்று 2018இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொன்னது.

அந்தரங்கம் என்ற சொல்லைப் பெண்ணியவாதிகளாகிய நாம் லேசாக விட்டுவிட முடியாது. நம் உடலும் கடிதமும் தொலைபேசி எண்ணும் நம்முடையவை என்று போராடிப் பெற்ற சொல் அது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(ஒ) எனத் தமிழில் குறிக்கப்பட்டாலும் ஜே என்றே எல்லோரும் அழைக்கும் உட்பிரிவு அதைக் காத்தது: பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தகவலைத் தர வேண்டியதில்லை. கூடவே ஓர் உரைகல்லும் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது.

2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவையே மாற்றியது. 2025 நவம்பரில் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவலாக இருந்தால் போதும், மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்று அதிகாரி கருதினால் தரலாம் என்ற 8(2) பிரிவு இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. அதை மெய்ப்பிக்கும் பாரம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று முன்பு சொல்லப்பட்ட அதே பெண்ணின் தலையில். வேலைப் பதிவேடு என்பது பெயர்களின் பட்டியல். பெயரைவிடத் தனிநபர் தகவல் வேறென்ன? கோட் கிரானாவில் உரக்கப் படித்ததும் பெயர்களைத்தான்.

அதே 2023 ஜனவரி முதல், நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைக் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் நிற்கவைத்துக் கைப்பேசியில் படமெடுத்து அரசுச் செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி சந்தேகம். வேலைக்கு வந்த அவள் முகத்தை அரசு ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்க்கும். வராதவனின் பெயர் பதிவேட்டில் எப்படி வந்தது என்று அவள் கேட்டால், அது அவனுடைய அந்தரங்கம் என்று எழுதிக் கொடுத்து அனுப்ப இப்போது ஒரு வரி இருக்கிறது.